அசிட்டோன் ஆவி தரையோடு போகும்

நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் திரவமான அசிட்டோனை அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். போதாது. அதன் ஆவி காற்றைப்போல் 2 மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து போய், எங்கோ இருக்கும் பொறியில் பற்றி, தீயாகத் திரும்பி வரும். சுமார் -20 டிகிரி செல்சியஸிலேயே, அதாவது ஏறக்குறைய ஃப்ரீசர் குளிரிலேயே, பற்றக்கூடிய அளவுக்கு ஆவி கிளம்பிவிடும்!

தண்ணீரில் நன்றாகக் கலக்குமே, ஊற்றினால் அணையாதா என்பார்கள். ஓரளவு நீர்த்த பிறகும் எரியும். தீயணைக்கும் சாதாரண நுரையும் அதில் உடைந்துவிடும். இப்படித் தண்ணீரில் கலக்கும் திரவங்களுக்கென்றே உள்ள, ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வேண்டும். சின்னத் தீ என்றால் உலர் பொடி தீயணைப்பான் போதும்.

அப்புறம் கையுறை. பலரும் மாட்டுகிற நீல நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறை இதற்கு ஆகாது, சீக்கிரமே ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர்தான் சரி. துடைத்த துணியை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள்.