ஜீப் வாடகை

"ஒரு பந்தை உதைக்கிறவனுக்கு இத்தனை கோடியா? அதான் கிளப்பெல்லாம் திவாலாகுது."

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் டீக்கடை பெஞ்சில் ஒருவர் இப்படிச் சொன்னார். கூட இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். டீ குடிக்கிற வேகத்தில் நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. இருபது வருடமாகத் தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறவன் நான். எங்கள் ஹட்டி, அதாவது எங்கள் ஊர், ஃபுட்பால் டீமுக்குப் பொருளாளர் வேறு. நான் தலையாட்டியிருக்கக் கூடாது. பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்குப்படி ஒரு கிளப்பைக் கவிழ்ப்பது, வராத பணத்தை வந்ததாக எழுதி வைப்பது. சம்பளம் பெரிதா சிறிதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 98 வாக்கில் பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைத்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரஷ்யாக்காரன் வாங்கிக்கொண்டிருந்த காலம். அந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டு, கடன் வாங்கி, எங்கள் அப்பா வீட்டுக்கு மாடி எடுத்தார். சுவர் எழும்பிக் கூரை போட்டு முடிப்பதற்குள் விலை தரைக்கு வந்துவிட்டது. மாடிக்கு ஜன்னல் வைக்க எட்டு வருடம் ஆனது. அதுவரை சாக்குப் படுதாதான். மார்கழியில் பனிமூட்டம் நேராக உள்ளே வந்து பாயில் உட்காரும். அப்பா குடித்துத் தொலைக்கவில்லை, சீட்டாடவில்லை. அடுத்த வருடமும் இதே விலை நிற்கும் என்று நம்பினார், அவ்வளவுதான்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட் செய்ததும் இதையேதான். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீகில் வருடா வருடம் ஆடுவோம், அந்தப் பணம் வந்துகொண்டே இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஆட்களை வாங்கினார்கள். இனிமேல் விற்கப்போகும் டிக்கெட் பணத்தை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்டு கடன் எடுத்தார்கள். 2001இல் அரையிறுதி வரை போனார்கள். அதே சீசனில் இங்கிலாந்து லீகில் நாலாவது இடம். அப்போது முதல் மூன்று இடத்துக்குத்தான் அடுத்த வருட சாம்பியன்ஸ் லீக். மூன்றாவதாக வந்த லிவர்பூலுக்கும் இவர்களுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அதற்கப்புறம் ரியோ ஃபெர்டினாண்டில் ஆரம்பித்து ஒவ்வொருவராக விற்றார்கள். 2004இல் இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீகை விட்டு இறங்கினார்கள், மைதானத்தையும் விற்றார்கள். 2007இல் திவால் நடைமுறை, அதோடு மூன்றாம் அடுக்கு. மறுபடி பிரீமியர் லீகுக்கு வந்தது 2020இல். எங்கள் வீட்டு ஜன்னல் எட்டு வருடம், லீட்ஸின் ஜன்னல் பதினாறு வருடம்.

ஊரான் கதையை மட்டும் சொன்னால் நியாயமில்லை. என் கதையையும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் காந்தி மைதானத்தில் ஒரு டோர்னமென்ட். எப்படியாவது கப்பை அடிக்க வேண்டும் என்று வெறி. கூடலூர் பக்கம் தெரிந்தவர் மூலமாக, மலைக்குக் கீழே நிலம்பூரிலிருந்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) ஆடுகிற இரண்டு பேரைக் கூட்டி வந்தோம். ஒரு மேட்சுக்கு இவ்வளவு என்று பேச்சு. அந்தக் காசை எங்கே இருந்து கொடுப்பது? ஃபைனல் போவோம், பரிசுப் பணம் வரும், அதில் கொடுத்துவிடலாம். இந்தக் கணக்கை எழுதியது சாட்சாத் நான்தான். பகலில் பேக்டரியில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிறவன்.

காலிறுதியில் டைபிரேக்கரில் வெளியே வந்தோம். அந்த இரண்டு பேருக்கும் கையோடு பணம் கொடுத்து அனுப்பினோம், கைமாற்று வாங்கித்தான். அவர்களுக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் எவன் வருவான்? ஜெர்சி கடைக்குப் பாதி கொடுத்தோம். எங்களை ஏற்றி இறக்கிய ஜீப் அண்ணனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அண்ணன் எங்கே போய்விடப் போகிறார், ஒரே ஹட்டிதானே? வாடகை முழுதாகத் தீர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் காசைத் தவிர எல்லாவற்றையும் பற்றி விசாரிப்பார். அம்மா எப்படி இருக்காங்க, இலை எப்படி, மழை எப்படி. கேட்டுத் தொலைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கிளப்பின் கடன்காரர் பட்டியலைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஜீப் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. 2008இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப் அது. இரண்டு வருடத்துக்குள், 2010 பிப்ரவரியில், திவால் நடைமுறைக்குப் போனது. பிரீமியர் லீகில் இருக்கும்போதே அப்படிப் போன முதல் கிளப். தண்டனையாக 9 புள்ளி பிடித்தார்கள், கீழே இறங்கியது. பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருந்தது. மேட்ச் நாளில் மைதானத்தில் முதலுதவி செய்கிற தொண்டு அமைப்பு. அதற்குச் சில ஆயிரம் பவுண்டு பாக்கி.

அங்கே ஒரு விதி உண்டு. கிளப் மூழ்கினால், லீகில் தொடர்ந்து ஆட வேண்டுமென்றால், ஃபுட்பால் கடன்களை முதலில் முழுசாகத் தீர்க்க வேண்டும். வீரர்களின் சம்பளம், மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய டிரான்ஸ்பர் பணம் எல்லாம் அதில் வரும். மிச்சம் இருந்தால்தான் வரித் துறை, கேட்டரிங்காரர், அச்சகக்காரர், ஆம்புலன்ஸ். அவர்களுக்குப் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று ஏதோ கிள்ளிக் கொடுப்பார்கள். இது அநியாயம் என்று பிரிட்டிஷ் வரித் துறையே வழக்குப் போட்டு, 2012இல் தோற்றது. விதிக்கு அவர்கள் சொல்கிற காரணம், ஒரு கிளப் விழுந்தால் அதனால் இன்னொரு கிளப்பும் விழக்கூடாது என்பது. நாங்கள் நிலம்பூர்க்காரர்களுக்கு முதலில் கொடுத்ததற்கும் ஏறக்குறைய இதே காரணம்தான். காரணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஜீப் அண்ணனிடம் போய் யாராவது அதை விளக்கட்டும்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன்.

தேயிலை வாரியக் கணக்கில், தூள் விற்ற விலையில் 65 சதவீதம் இலை கொடுத்த விவசாயிக்கு, 35 சதவீதம் பேக்டரிக்கு. அந்த 35க்குள்தான் விறகு, கரண்டு, ஆள் கூலி, சாக்கு, லாரி, வட்டி எல்லாம். ஐரோப்பிய ஃபுட்பாலை நடத்துகிற யூஇஎஃப்ஏ இப்போது கொண்டுவந்திருக்கும் விதியும் கிட்டத்தட்ட இப்படித்தான். வீரர், பயிற்சியாளர் சம்பளம், ஏஜென்ட் காசு, வாங்கிய விலையில் அந்த வருடப் பங்கு எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதம் தாண்டக் கூடாது. 2023-24இல் 90, அடுத்த வருடம் 80, 2025-26 முதல் 70 என்று படிப்படியாக இறக்கினார்கள். வாங்கிய விலையின் பங்கு என்பது வேறொன்றுமில்லை, எங்கள் பேக்டரி மெஷினுக்குப் போடுகிற தேய்மானம் மாதிரிதான். ஆளை ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால் விலையை ஐந்தாகப் பிரித்து எழுதுவார்கள். செல்சி எட்டு வருட ஒப்பந்தம் போட்டு எட்டாகப் பிரித்தது. உடனே யூஇஎஃப்ஏ, ஐந்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்றது. எந்த ஊரானாலும் கணக்கன் புத்தி ஒன்றுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எங்கள் பேக்டரியின் பெரிய செலவான இலை விலை, குன்னூர் தேயிலை ஏலத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ஏலம் விழுந்தால் அடி விவசாயிக்கு. பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு 2023இல் கோத்தகிரிப் பக்கம் உண்ணாவிரதம் இருந்தது அதனால்தான். ஃபுட்பாலில் தலைகீழ். வருமானம் ஏலம் மாதிரி குதிக்கும். சம்பளமோ நாலு வருடம், ஐந்து வருடம் என்று கல்லில் எழுதியது. கீழ் அடுக்குக்கு இறங்கினால் சம்பளமும் குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிற கிளப்புகள் உண்டு. எழுதாமல் விட்டவர்கள் அடுத்த அடுக்கில் டிவி பணம் சுருங்கிப் போக, பழைய சம்பளத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இங்கிலாந்து இரண்டாம் அடுக்கில், எல்லாக் கிளப்பையும் கூட்டினால் மொத்தச் சம்பளமே மொத்த வருமானத்தைத் தாண்டிய சீசன்கள் உண்டு. மேலே ஏறினால் கொட்டும் என்ற நம்பிக்கையில் 24 கிளப்பும் ஓடுகின்றன. ஏறுவது மூன்றுதான்.

பார்சிலோனா மாதிரி பெரிய இடமும் தப்பவில்லை. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி அழுதுகொண்டே விடைபெற்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் சம்பளச் செலவு வருமானத்தில் 103 சதவீதம் என்று கிளப் தலைவர் லபோர்ட்டாவே சொன்னார், கடன் 135 கோடி யூரோ என்றும். எங்கள் பேக்டரியில் இலைக்கு மட்டும் 103 கொடுத்தால் முதலாளி என்னை விறகுக்குப் பதிலாக அடுப்பில் போட்டுவிடுவார்.

அப்படியென்றால் வீரர்களைத் திட்டுவோமா? மாட்டேன். 1961 வரை இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய வீரனானாலும் வாரச் சம்பளம் 20 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் நிற்பார்கள், ஆடுகிறவனுக்கு 20 பவுண்டு. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்தத்துக்குத் துணிந்த பிறகுதான் அது போனது. ஃபுல்ஹாம் கிளப் உடனே தன் வீரர் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. கொழுந்து கிள்ளுகிற பெண்களுக்குக் கூலி கூட்டினால் தோட்டமே அழிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்த ஊர்க்காரன் நான். சம்பளம்தான் வில்லன் என்று யார் சொன்னாலும் முதலில் சொல்கிறவர் யார் என்று பார்ப்பேன். கேட்டவன் கேட்டான். கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் யார்?

நம்ம ஊர்க் கதை இன்னும் விசித்திரம். ஐஎஸ்எல், அதாவது இந்தியாவின் பெரிய ஃபுட்பால் லீக், அதை நடத்துகிற உரிமை ஒப்பந்தம் 2010இல் போட்டது, 15 வருடத்துக்கு. 2025 டிசம்பரில் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, காலண்டரிலேயே இருந்தது. ஆனாலும் புதுப்பிக்காமலே இழுத்து, அந்த வருட ஜூலையில் சீசனைத் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. இரண்டு தடவை கோப்பை வென்ற நம்ம சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளை நிறுத்திவைத்தது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போய், நேரு ஸ்டேடியத்தில் அவர்கள் மேட்ச் பார்த்தவன் நான். இங்கே யாரும் வாரத்துக்குக் கோடி கேட்கவில்லை. மைதானத்தில் கோடு போடுகிறவர், துணி துவைக்கிறவர், பிசியோ என்று எல்லோரும் அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்தார்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1867இல் ஆரம்பித்த கிளப். 2025இல் பல மாதங்கள் சம்பளம் தாமதம். முதலாளி கிளப்பை விற்காமல் பிடித்துக்கொண்டிருக்க, ரசிகர்கள் மைதானத்தில் காசு செலவழிப்பதில்லை என்று புறக்கணித்தார்கள். அக்டோபரில் திவால் நடைமுறைக்குப் போனது, 12 புள்ளி போச்சு. புள்ளி போன அன்றைக்கு ரசிகர்கள் கிளப் கடை வாசலில் வரிசையில் நின்று சட்டை வாங்கினார்கள். முதலாளி போனார் என்ற சந்தோஷம். டீக்கடை பெஞ்சில் திட்டு வாங்கிய அந்த வீரர்கள் அதே மாதங்களில் சம்பளம் வராமல்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, எங்கள் டீம். மே மாதம் மறுபடி டோர்னமென்ட். பையன்கள் இப்போதே கேட்கிறார்கள், "மாமா, கூடலூர்ல இருந்து ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் மட்டும்." ஜீப் அட்வான்ஸை நேற்றே கொடுத்துவிட்டேன். அண்ணன் நோட்டை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் டீம் எப்படி?" என்று கேட்டார். கோல்கீப்பருக்கு இன்னும் கிளவுஸ் வாங்கவில்லை என்றேன்.