மயில் தானாகவே இறகு போடும்

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரில் தாமான் தாசேக் பக்கம் இருக்கும் பறவைப் பூங்காவுக்குப் போயிருந்தேன். அங்கே மயில்களுக்குத் தனிக் கூண்டு கிடையாது. தலைக்கு மேலே உயரத்தில் வலை, கீழே நாம் நடக்கிற பாதையிலேயே அவையும் நடக்கும். ஓர் ஆண் மயில் தோகையை விரித்து நின்றது. எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிவிட்டார்கள். அது மெல்லத் திரும்பி முதுகைக் காட்டிய நேரத்தில், பக்கத்தில் நின்ற ஒரு தம்பி கையை நீட்டி, ஓர் இறகைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டார். மயில் துள்ளி, தோகையைச் சடாரென மடக்கிக்கொண்டு புதருக்குள் ஓடியது. இறகு அவர் கையில்.

"ஏன் தம்பி இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னே ஒன்னுதான்க்கா, சாமி மேடைக்கு" என்றார்.

அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. முருகனுக்கு வைக்க, முருகன் ஏறிவரும் பறவையிடமே பிடுங்குகிறோமே என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

'மயிலே மயிலே இறகு போடு என்றால் போடுமா?' என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கெஞ்சினால் காரியம் நடக்காது என்பதற்குச் சொல்வது. ஆனால் நிஜ மயிலிடம் கெஞ்சவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். இணைசேரும் பருவம் முடிந்ததும், ஆண்டுக்கு ஒருமுறை, தோகை முழுவதையும் அதுவே உதிர்த்துவிடும். ஒன்றிரண்டு இல்லை, 150-லிருந்து 200 இறகு வரை. பிறகு புதிதாக முளைத்து அடுத்த பருவத்துக்குத் தயாராகிவிடும். குஞ்சாகப் பிறந்த ஆண் மயிலுக்கு முழுத் தோகை வர மூன்று வயதாவது ஆக வேண்டும். குஞ்சுப் பருவத்தில் பார்ப்பதற்குப் பெண் மயில் மாதிரியேதான் இருக்கும்.

தோகை என்பது வாலே இல்லை என்பதை அன்றைக்கு என் மகள்தான் கண்டுபிடித்தாள். மயில் திரும்பியபோது, "அம்மா, பின்னாடி இன்னொரு வால் இருக்கு!" என்று கத்தினாள். உண்மைதான். நாம் வால் என்று நினைப்பது வாலுக்கு மேலே முதுகில் முளைக்கும் இறகுகள். அசல் வால் குட்டையாக, பழுப்பு நிறத்தில், அவ்வளவு பெரிய விசிறி சாய்ந்துவிடாமல் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து நிற்கும். முன்பக்கம் மட்டும் படம் எடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்கு அது கண்ணில் படாது.

இன்னொன்றும் பார்த்தோம். பெடை பக்கத்தில் வந்தால் ஆண் மயில் சும்மா விரித்து நிற்காது, தோகையைச் சிலிர்த்து உதறும். வினாடிக்கு ஏறக்குறைய 25 முறை. மழை கூரையில் விழுவதுபோல ஒரு சலசலப்பு கேட்கும். இறகெல்லாம் நடுங்கும், ஆனால் இறகு நுனியில் கண்போல இருக்கும் அந்த வட்டங்கள் மட்டும் அசையாமல் காற்றில் மிதப்பதுபோல நிற்கும். அந்தக் கண் இருக்கும் பகுதியில் இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருப்பதால் அப்படி. இவ்வளவும் செய்து காட்டினாலும் பெடை பெரும்பாலும் தரையில் எதையோ கொத்திக்கொண்டு போய்விடும். முடிவு அதனுடையது. அப்புறம் முட்டையிட்டு, 28 நாள் அடைகாத்து, குஞ்சுகளை இரை தேடக் கூட்டிப்போவதும் அது ஒன்றேதான். ஆண் எட்டிக்கூடப் பார்க்காது.

எங்கள் வீட்டில் அப்பாவின் மயில் காவடி இருக்கிறது. 1989-இல் முதன்முதலாகப் பத்துமலைக்கு எடுத்தது. அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது, துணிக்கட்டு நைந்துவிட்டது, ஆனால் இறகின் நீலம் அப்படியே இருக்கிறது. ஏன் வெளுக்கவில்லை என்றால், அது சாயம் இல்லை. இறகுக்குள் இருக்கிற நிறமி வெறும் பழுப்புதான். அந்த நிறமி மிக நுண்ணிய குச்சிகளாக வரிசை கட்டி நிற்கிறது. அந்த இடைவெளியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நமக்கு நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது. வீட்டில் இறகு இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், மங்கலான பழுப்பாக இருக்கும். சன்னலோரம் பிடித்துக் கொஞ்சம் சாய்த்தால் நீலம் பச்சையாக மாறும். பார்த்துக்கொள்கிற வீட்டில் ஒரு மயிலிறகு ஒரு தலைமுறைக்கு மேல் தாங்கும். பிறகு எதற்கு ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கட்டுக்கட்டாகப் புதிது வாங்குகிறோம்?

தைப்பூச நேரத்தில் விற்கும் இறகு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதே இல்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலைக் கொல்வதைத் தடுக்கிறது. உதிர்ந்த இறகை உள்நாட்டில் விற்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. ஆகவே கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை. இறகின் அடியையும் பாருங்கள். தானாக உதிர்ந்தது காய்ந்து, வெளுத்து, நுனி மூடியிருக்கும். பிடுங்கியதில் ரத்தக் கறையோ தோலோ ஒட்டியிருக்கலாம். அடியையே கத்தரித்து வைத்திருந்தால் நான் வாங்க மாட்டேன்.

சொல்லும்போது மனசு கனக்கிற விஷயம் ஒன்று. நாம் காவடியில் கட்டுவது இந்திய நீல மயிலின் இறகு. இந்த மலாயா மண்ணுக்கென்றே ஒரு மயில் இருந்தது. பச்சை மயில். கழுத்தில் மீன் செதில் மாதிரி பொன்னும் பச்சையும் அடுக்கியிருக்கும், கொண்டை விசிறியாக விரியாமல் நெட்டுக்குத்தாக நிற்கும். நீல மயிலின் பெடைபோல இல்லாமல், அதன் பெடையும் பச்சையாக மின்னும். வேட்டையாடியும் காட்டை அழித்தும் தீபகற்பத்தில் அதை இல்லாமலே ஆக்கிவிட்டோம். போன நூற்றாண்டிலேயே கதை முடிந்துவிட்டது. ஜாவா, மியன்மார், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் பக்கம் மிச்சம் இருப்பதும் அழியும் ஆபத்தில் இருப்பவை என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. காட்டை வெட்டி ரப்பர் போட்ட காலத்தில் நம் தாத்தா பாட்டி அதன் அகவலைக் கேட்டிருப்பார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

மிச்சம் இருப்பது மெராக் பொங்சு. மயில் குடும்பத்துத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பகாங்கின் கிராவ் காடு, தாமான் நெகாரா மாதிரி தாழ்நிலக் காட்டில் வாழ்கிறது. உடம்பெல்லாம் மண் நிறம், அதில் நீலப் பச்சைக் கண்கள். ஆண், காட்டுத் தரையில் ஓரிடத்துச் சருகையெல்லாம் ஒதுக்கிச் சுத்தமாக்கி, அங்கே நின்றுதான் ஆடும். பெடை ஒரு ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஒரு காட்டை வெட்டினால் அதற்கு எவ்வளவு நஷ்டம் என்று இதிலேயே தெரிகிறது. கோலாலம்பூரில் முருகன் கோயில் இல்லாத வட்டாரம் குறைவு, ஆனால் இந்தப் பறவையின் பெயரைத் தெரிந்த தமிழர்களை விரல் விட்டு எண்ணலாம். பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் காவடியில் 14 இறகு ஒடிந்துபோயிருக்கிறது. என் தம்பி இந்த வருடம் அதை எடுக்கப்போகிறான். புதுக்கட்டு வாங்கலாம் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் அலமாரிக்கு மேலேயோ பழைய காவடியிலோ எடுக்காமல் கிடக்கும் இறகு இருந்தால் கீழே எழுதுங்கள். செந்தூல், கெப்போங், பிரிக்பீல்ட்ஸ், எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தூசு படிந்திருந்தாலும் பரவாயில்லை, இளஞ்சூட்டு நீரில் மெல்ல அலசி நிழலில் காயவைத்தால் போதும்.