செத்தவீட்டுச் செலவும் சீ.பீ.பீ.யின் 2,500 டொலரும்

போன மாதம் அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்தது. ஒரு வருடம் கழியட்டும், பிறகு எழுதலாம் என்று அடக்கி வைத்திருந்த விடயம் இது.

அப்பா 2025 ஜனவரியில், ஒரு புதன்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அடுத்தநாள் காலை பதினொரு மணிக்கு நானும் அண்ணாவும் அத்தானும் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மலர்ச்சாலையின் (இறுதிக்கிரியைகளுக்கு ஒழுங்கு செய்யும் நிலையத்தின்) சின்ன அறையில் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி மிகவும் தன்மையாகத்தான் பேசினார். ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து பெட்டிகளின் படங்களைக் காட்டினார். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் விலை. அப்பா தக்காளி வாங்கினால்கூட விலையைப் பார்த்துத்தான் கையில் எடுப்பார். அவருடைய பெட்டியை நாங்களும் விலையைப் பார்த்துத்தான் எடுத்தோம். அண்ணா ஒரு பக்கத்தைப் புரட்டினார், கொஞ்ச நேரம் பார்த்தார், மறுபடி முந்தைய பக்கத்துக்கே திரும்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சனி பின்னேரம் பார்வைக்கு வைப்பது, ஞாயிறு காலை கிரியை, அதன்பின் தகனம். உடலை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வர, பாதுகாத்து வைக்க, குளிப்பாட்டி வேட்டி உடுத்த, மண்டபத்துக்கு, சவ வண்டிக்கு, எரியூட்டலுக்கு என்று எல்லாம் கூட்டி 9,800 டொலர் வந்தது. அதற்கு மேல் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி 13 வீதம், 1,274 டொலர். ஆக 11,074. ஐயர், பூ, மரண அறிவித்தல், வந்தவர்களுக்குச் சாப்பாடு, பிறகு வரும் எட்டுச் செலவு, அந்தியேட்டிச் சடங்குகள் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. அண்ணா ஒன்றும் பேசாமல் தன் கிரெடிட் காட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

பிறகு சீ.பீ.பீ. என்ற கனடா ஓய்வூதியத் திட்டத்தின் மரண உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். பத்துக் கிழமை கழித்து 2,500 டொலர் வந்தது. அதற்குள் அண்ணாவின் கிரெடிட் காட்டுக்கு வட்டி ஏறத் தொடங்கிவிட்டது. இந்த வருடம் பெப்ரவரியில் அந்த 2,500க்கு வரிப் படிவமும் வந்து சேர்ந்தது. ஆம், மரண உதவித்தொகையும் வருமானமாகக் கணக்கு வைக்கப்படுகிறது. பெறுபவரோ இறந்தவரின் சொத்துக் கணக்கோ அதற்கு வரி கட்ட வேண்டும். எச்.எஸ்.ரி.யாக நாங்கள் ஏற்கனவே கட்டியது அந்தத் தொகையில் பாதிக்கும் மேல்.

இந்த 2,500 எங்கிருந்து வந்தது என்று இரவிரவாகத் தேடிப் படித்தேன். படித்த பிறகுதான் கவலை கோபமாக மாறியது.

சீ.பீ.பீ. தொடங்கியபோது இந்தத் தொகைக்கு ஒரு நியாயமான கணக்கு இருந்தது. இறந்தவரின் ஆறு மாதப் பென்சன், அல்லது அந்த வருடத்துச் சம்பள உச்சவரம்பில் (சீ.பீ.பீ. பிடிக்கும் சம்பளத்தின் மேல் எல்லையில்) 10 வீதம், இரண்டில் எது குறைவோ அது. நாட்டில் சம்பளம் கூடக்கூட அந்த வரம்பும் கூடும், அதோடு மரண உதவியும் கூடும். 1997இல் அதிகபட்சம் 3,580 டொலராக இருந்தது. 1998இல் அதை 2,500க்கு இறக்கி, அதிலேயே பூட்டி வைத்தார்கள். விலைவாசியோடு உயராது, சம்பளத்தோடும் உயராது. அன்று தொட்டு இன்றுவரை அதே 2,500தான்.

அப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். சீ.பீ.பீ. நிதி வற்றிப்போகும் என்ற பயம் உண்மையான பயம். அதனால் பங்களிப்பை உயர்த்தினார்கள், சில கொடுப்பனவுகளை வெட்டினார்கள். திட்டத்தைக் காப்பாற்ற எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். சரி. ஆனால் 2025 மார்ச் இறுதியில் அந்த நிதியில் இருந்தது 714 பில்லியன் டொலர். அந்த நெருக்கடி கடந்துபோய்விட்டது. நெருக்கடிக்காக வெட்டியதை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

பழைய 10 வீதக் கணக்கு இன்றும் இருந்திருந்தால்? 2025இல் சம்பள உச்சவரம்பு 71,300 டொலர். அதில் 10 வீதம் 7,130. அப்பாவின் பென்சன் பெரியது அல்ல, ஆகவே ஆறு மாதக் கணக்கில் அவருக்கு அந்த முழுத் தொகையும் வந்திருக்காது. ஆனால் 2,500ஐவிடக் கூட வந்திருக்கும். விலைவாசியை மட்டும் பார்த்தால்கூட, 1998இன் 2,500 டொலர் இன்று 4,400க்கு மேல் ஆகியிருக்க வேண்டும்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 1998இல் ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் சீ.பீ.பீ.க்கு அதிகபட்சமாகப் பிடித்தது வருடத்துக்கு 1,068 டொலர் 80 சதம். 2025இல் அந்த உச்சவரம்பு வரையான சம்பளத்துக்கு மட்டும் அது 4,034 டொலர் 10 சதம். முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். நாங்கள் கட்டுவது கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது. எங்களுக்குச் சாவு வந்தால் தருவது ஒரு சதமும் கூடவில்லை.

அப்பா சம்பளத் துண்டுகளை எறிய மாட்டார். ஒரு நீல நிற பிஸ்கட் டின்னில் அடுக்கி, வருடத்துக்கு ஒரு ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருந்தார். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவியது, பிறகு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு வேலை, எல்லாமே அந்த டின்னுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் சீ.பீ.பீ. என்று ஒரு வரி. இரண்டு கிழமைக்கு 14 டொலர், 17 டொலர், 31 டொலர். அறுபத்தைந்து வயதிலிருந்து அவருக்குப் பென்சன் வந்தது, அதற்கு நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் இந்தத் தொகையைப் பிச்சை என்று யாராவது நினைத்தால் அந்த டின்னைத் திறந்து காட்டுவேன். அவர் கட்டிய காசு அது.

2019இல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. அதற்கு முன் குறைந்த சம்பளக்காரருக்கு 2,500கூட முழுதாக வராது. இப்போது தகுதி உள்ள எல்லோருக்கும் ஒரே தொகை. துப்புரவு வேலை, உணவக வேலை செய்த எங்கள் சனத்துக்கு அது உதவியது. 2025 ஜனவரியில் இன்னொரு மாற்றம் வந்தது: சிலருக்கு இன்னொரு 2,500 சேர்த்து 5,000. கேட்டவுடன் சந்தோசமாக இருந்தது. நிபந்தனையைப் படித்தேன். இறந்தவர் சீ.பீ.பீ. ஓய்வூதியமோ இயலாமைப் பென்சனோ ஒரு மாதம்கூடப் பெற்றிருக்கக் கூடாது. அவருடைய துணைக்கு உயிர்பிழைத்தோர் பென்சனும் (துணையை இழந்தவருக்கு மாதாமாதம் வரும் பென்சன்) கிடைக்கக் கூடாது. அப்பா பென்சன் எடுத்தவர், அம்மா இருக்கிறார். ஆகவே எங்களுக்கு இல்லை.

எங்களை விடுங்கள். முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போகிற இளம் தகப்பனை யோசியுங்கள். மனைவிக்கு மாதாமாதம் ஒரு சிறு பென்சன் வரும், அதனால் மேலதிகத் தொகை கிடையாது. மாதப் பென்சன் வாடகைக்கும் பிள்ளைகளுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கட்ட வேண்டிய பதினோராயிரத்தை அவள் எங்கே தேடுவாள்? வாட்ஸப்பில் வருகிற, காசு சேர்க்கும் கோஃபண்ட்மீ இணைப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளோடு நிற்கும் ஒரு படம், கீழே 'இறுதிச் செலவுக்கு உதவுங்கள்'. நான் எத்தனைக்கு ஐம்பது டொலர் போட்டிருக்கிறேன் என்று எண்ணவில்லை. வாழ்நாளெல்லாம் வேலை செய்த ஒரு மனுசனின் சாம்பலுக்குத் தெரியாதவர்களிடம் கை நீட்ட வேண்டி வருகிறதே என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கும்.

ஒரு செத்தவீட்டுக்கு எவ்வளவு செல்லும் என்று ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வறுமையில் இறக்கும் படைவீரர்களுக்கென்று ஒரு நிதி உண்டு. 2013இல் அதன் சடங்குச் செலவு உச்சவரம்பை 3,600இலிருந்து 7,376 டொலராக உயர்த்தினார்கள். அடக்கச் செலவு அதற்கு வேறாக. நல்லது, அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் 2013இலேயே 7,376 தேவை என்று கண்ட அரசாங்கம் தொழிலாளிக்கு 2,500 போதும் என்று எப்படிச் சொல்கிறது?

பிள்ளைகளின் ஸ்பொன்சரில் வயதான காலத்தில் வந்து, பேரப்பிள்ளைகளை வளர்த்துவிட்டு, சம்பள வேலைக்கே போகாத அம்மம்மாக்களுக்கு இந்த 2,500கூட இல்லை. பங்களிப்பு இல்லையென்றால் தொகை இல்லை. முதியோர் பென்சனிலும் மரண உதவி என்று ஒன்று கிடையாது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

"ஏன் இவ்வளவு செலவழிக்கிறீர்கள், நேரே எரித்துவிட்டால் மலிவுதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்களில் சிலர் பூவுக்கும் வீடியோவுக்கும் அளவுக்கு மீறிச் செலவழிப்பது உண்மை, எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அப்பாவின் தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றி, அம்மா வாய்க்கரிசி போட்டு, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து நின்றதை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். ஊரில் மிக ஏழையான வீட்டுக்கும் அது நடந்தது. அதற்கு மரண சகாய சங்கம் இருந்தது. மாதம் ஒரு சின்னச் சந்தா. சாவு விழுந்தால் சங்கத்துக் கதிரைகளும் தறப்பாளும் பொழுது சாய்வதற்குள் வந்து இறங்கும், பெட்டிக்குக் காசு கையில் வரும். பத்துக் கிழமை காத்திருக்கச் சொல்லி யாரும் படிவம் நீட்டவில்லை.

நான் கேட்பது மூன்று விடயம். தொகையைப் பழையபடி சம்பள உச்சவரம்பில் 10 வீதமாக்குங்கள், எல்லோருக்கும் ஒரே அளவாக. அதற்கு வருமான வரி வேண்டாம். மலர்ச்சாலையின் பற்றுச்சீட்டைக் காட்டினால் ஒரு கிழமைக்குள் காசு வர வேண்டும்.

இதை ஒட்டாவா மட்டும் தனியாகச் செய்ய முடியாது. சீ.பீ.பீ.யில் இப்படி மாற்றம் செய்வதற்கு ஏழு மாகாணங்களாவது சம்மதிக்க வேண்டும், அவற்றில் நாட்டின் சனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் மட்டும் மூன்றில் ஒன்றுக்கு மேல் வாழ்கிறோம், ஆகவே ஒன்ராறியோ இல்லாமல் எதுவும் நடக்காது. எம்.பி.க்கு எழுதுகிறவர்கள் மாகாண உறுப்பினருக்கும் எழுதுங்கள். ஐந்நூறு கையெழுத்தும் ஒரு எம்.பி.யின் ஆதரவும் இருந்தால் இணைய மனுவை நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கலாம். ஐந்நூறு பேர் எங்கள் ஒரு செத்தவீட்டுக்கே வருவார்கள்.

இப்போது துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: இறந்தவர் உயில் எழுதி ஒருவரை நியமித்திருந்தால், அவர் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உயில் இல்லையென்றால் செலவைக் கட்டியவர் விண்ணப்பிக்கலாம். பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

வருகிற வெள்ளி பின்னேரம் எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் நேரம் எடுத்திருக்கிறேன். மலர்ச்சாலைப் பற்றுச்சீட்டைக் கொண்டு போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா உள்ளே போய் அந்த நீல டின்னைக் கொண்டு வந்து கையில் தந்தார், "இதையும் கொண்டு போ" என்று.