ஸ்பூன் வளைகிற குளிர்

செல்வி: சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் சார். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டால் கிளம்புகிறேன்.

வரதராஜன்: உட்கார் செல்வி. நீயும் பார்த்துவிட்டாயா? எனக்கே மனது ஆறவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

செல்வி: எனக்கு மட்டும் தூக்கம் வந்ததா? பதினோரு வருடம் சார்.

வரதராஜன்: நான் நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டேதான் வருகிறது. முன்பெல்லாம் வந்தால் நான்கு நாள் நிற்கும். இப்போது வந்தாலும் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை.

செல்வி: நிற்குமா! நான் என்ன மாடா சார்? ஆறரைக்கு வந்தால் ஒன்பது வரை நிற்கிறேன். ஒரு நாள் முக்காலியாவது போட்டு உட்காரச் சொல்லியிருப்பீர்களா?

வரதராஜன்: காலையில் கதவைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறிக்கும். இப்போது எங்கே பார்த்தாலும் சேறும் அழுக்கும்தான்.

செல்வி: அழுக்கா? எந்த மூலையில்? வந்து காட்டுங்கள். பால்கனியில் இருப்பது தில்லித் தூசி. அரசாங்கமே லாரியில் தண்ணீர் கொண்டுவந்து பீய்ச்சிப் பார்க்கிறது, அடங்கவில்லை. நான் ஒரு வாளியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வரதராஜன்: உன்மேல் என்ன தப்பு? மேற்கிலிருந்து வர வேண்டியது வரவில்லை. எல்லாம் அந்த மேற்கத்திய இடையூறு செய்கிற வேலை.

செல்வி: அப்படிச் சொல்லுங்கள். மேற்குப் பக்கத்து பிளாக் அம்மாதானே? அங்கே வேலையை விட்ட நாளிலிருந்து அவர்களுக்கு என்மேல் கடுப்பு.

வரதராஜன்: பிளாக்கா? மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து, ஈரான் வழியாக வர வேண்டும் செல்வி.

செல்வி: அங்கிருந்து ஆள் கொண்டுவருகிறார்களா? என்ன சம்பளமாம்?

(மயூர் விகாரில் எங்கள் இரு வீட்டுப் பால்கனிக்கும் நடுவில் இருப்பது அரைச் செங்கல் சுவர். நான் வெயிலில் நாற்காலியைப் போட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எழுந்து உள்ளே போனால்தான் மரியாதைக் குறைவு என்று பட்டது.)

வரதராஜன்: நீ என்ன பேசுகிறாய் என்றே புரியவில்லையே.

செல்வி: நீங்கள் அனுப்பியதைத்தான் பேசுகிறேன். நேற்று ராத்திரி பத்தரைக்கு. "இந்த ஆண்டு பணி இல்லை. மிகவும் வருத்தம். அடுத்த ஆண்டாவது இருக்குமா என்று பார்ப்போம்." என் பையன் படித்துக் காட்டினான். நம்பாமல் இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னேன்.

வரதராஜன்: அடக் கடவுளே! பணி இல்லை செல்வி, பனி! இரண்டு சுழி! சிம்லாவில் பனி இல்லை என்று எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரு சுழி கூடிவிட்டது.

செல்வி: உங்களுக்கு ஒரு சுழி. எனக்கு மாதம் 4,000.

(அதே செய்தி எனக்கும் வந்திருந்தது. எழுபது வயதுக்கு மேல் இவருக்கு யார் வேலை தரப்போகிறார்கள், இதற்கு வருத்தம் வேறா என்று எண்ணிக்கொண்டு தூங்கிப்போனேன்.)

செல்வி: சரி, பனி இல்லை என்றுதானே இவ்வளவு துக்கம்? ஜன்னலைத் திறந்து பாருங்கள். காலையில் வரும்போது எதிரில் வந்த எருமை தெரியவில்லை. ஊரிலிருந்து வருகிற என் தம்பி ஆக்ராவுக்கு இந்தப் பக்கம் எங்கேயோ ஐந்து மணி நேரமாக ரயிலில் உட்கார்ந்திருக்கிறான்.

வரதராஜன்: அது மூடுபனி. நான் சொல்வது வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுகிற பனி.

செல்வி: புல்லில் காலையில் இருக்கிறதே, மூக்கு அடைக்கிறதே, அது?

வரதராஜன்: அதுவும் பனிதான். ஆனால் அது வேறு.

செல்வி: தலையில் பனி இறங்கிவிடும், முக்காடு போடு என்பாளே என் அம்மா?

வரதராஜன்: அதுவும்... நம் ஊர்க்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல் செல்வி, என்ன செய்ய?

செல்வி: இத்தனை பனி இருக்கும்போது, இல்லாத ஒன்றுக்காகத்தானா ராத்திரி தூங்கவில்லை?

வரதராஜன்: உனக்குத் தெரியாது. சிம்லாவில் லக்கர் பஜார் பக்கம் ஒரு சறுக்கு மைதானம் இருக்கிறது. 1920-இலிருந்து இருக்கிறது. இயந்திரம் எல்லாம் கிடையாது. சாயங்காலம் தரையில் தண்ணீர் விடுவார்கள். ராத்திரிக் குளிரில் அது தானாகவே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். காலையில் அடியில் கத்தி மாதிரித் தகடு வைத்த காலணியைப் போட்டுக்கொண்டு சறுக்க வேண்டியதுதான். 1986-இல் நான் அங்கே விழுந்திருக்கிறேன்.

செல்வி: விழுந்ததையா இவ்வளவு ஆசையாகச் சொல்கிறீர்கள்?

வரதராஜன்: இப்போது ராத்திரி வானம் மூடினால், கொஞ்சம் வெதுவெதுப்பானால், தண்ணீர் தண்ணீராகவே கிடக்கிறது. விழக்கூட வழியில்லை.

செல்வி: போன வருடம் போனீர்களே, சிம்லாவுக்கு மேலே?

வரதராஜன்: குப்ரி. அதை விடு.

செல்வி: எப்படி விடுவது? கம்பளிக் கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, சடை மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை அதைத் துடைப்பது நான். காலுக்குக் கீழே பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மாடு உங்களைப் பார்க்கிற பார்வையைக் கவனித்திருக்கிறீர்களா?

வரதராஜன்: கோட்டு வழியிலேயே வாடகைக்குக் கொடுத்தார்கள். மேலே பனி இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

செல்வி: கோட்டு வாடகைக்குக் கொடுக்கிறவர் வேறு என்ன சொல்வார்?

வரதராஜன்: அதற்கு முந்தைய வருடம், 2024 ஜனவரியில், காஷ்மீரில் குல்மார்க். அங்கே சில்லாய் கலான் என்று நாற்பது நாள் கடும் குளிர் உண்டு. டிசம்பர் 21-இல் தொடங்கும். அந்த நாற்பது நாளில் ஒரு நாளாவது பனி கிடைக்காமல் போகுமா என்று கணக்குப் போட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன். போய்ப் பார்த்தால் புல் காய்ந்து, பழுப்பாக, கோடையில் நம் ஊர் ஏரி மாதிரி கிடக்கிறது. பனிச்சறுக்குக்குப் பேர் போன ஊர்! நான் திரும்பி வந்த பிறகு, மாதக் கடைசியில் கொட்டியது.

செல்வி: நீங்கள் வந்த பிறகா?

வரதராஜன்: வந்த பிறகுதான். அடுத்த வருடம் பிப்ரவரியில் அங்கே குளிர்கால விளையாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் பனி இல்லை. மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டார்கள்.

செல்வி: அப்போதும் போனீர்களா?

வரதராஜன்: டிக்கெட் எடுத்திருந்தேன்.

செல்வி: சார், ஒன்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. மே மாதம் தில்லியில் வெயிலைத் தேடிக்கொண்டு நீங்கள் ஒரு தடவை கிளம்ப வேண்டும். ஊருக்கே புண்ணியமாகப் போகும்.

(பக்கத்து நொய்டாவில் 2019 பிப்ரவரி 7-ஆம் தேதி ஆலங்கட்டி மழை கொட்டித் தெருவெல்லாம் வெளுத்துப்போன அன்று, இவர் ஆட்டோ பிடித்து பிளாஸ்கோடு ஓடியதை நானே பார்த்தேன். திரும்பி வந்து, வந்துவிட்டது, தில்லிக்கே வந்துவிட்டது என்றார். பிளாஸ்கில் அரை லிட்டர் தண்ணீர் இருந்தது. ஆலங்கட்டி என்று அழகாக ஒரு பெயர் இருப்பதை அன்று யாராலும் அவரிடம் சொல்ல முடியவில்லை.)

வரதராஜன்: சிம்லாவை விடு, தில்லிக் குளிரே போய்விட்டதே! தேங்காய் எண்ணெயைப் பார்த்தாயா?

செல்வி: உறைந்துதானே இருக்கிறது?

வரதராஜன்: உறைந்திருக்கிறது. ஆனால் ஸ்பூன் இறங்குகிறது! காம்பை வைத்து அழுத்தினால் நெய்யில் இறங்குவது மாதிரி இறங்குகிறது. அந்தக் காலத்தில் ஸ்பூன் வளையும் செல்வி, ஸ்பூன் வளையும்.

செல்வி: எங்கள் சின்னசேலத்தில்கூட மார்கழியில் எண்ணெய் உறையும் சார்.

வரதராஜன்: உறையலாம். ஸ்பூன் வளையுமா?

(தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். சப்தர்ஜங் வானிலை நிலையத்தைவிட இந்தப் புட்டியை அவர் அதிகம் நம்புகிறார். தில்லியில் குளிர் போதவில்லை என்று குறைப்படுகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். இதுவரை நான் பார்த்த அத்தனை பேர் குளியலறையிலும் கீசர் இருக்கிறது.)

வரதராஜன்: 2019 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? மத்தியானமே 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அன்று லேசாக வளைந்தது. ஆனால் 2006 ஜனவரி 8 மாதிரி வராது. ஞாயிற்றுக்கிழமை. சப்தர்ஜங்கில் 0.2 டிகிரி! 1935-இல் பூஜ்யத்துக்குக் கீழே 0.6 வரை போயிருக்கிறது, அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2006-ஐப் பார்த்தேன். என் வெள்ளை மாருதியின் கூரைமேல் உப்புத் தூவினது மாதிரி உறைபனி. அளவுகோலால் சுரண்டிச் சுரண்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்தேன். காட்டட்டுமா?

செல்வி: காட்டியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவர் வாளியோடு நிற்பார், பாதி உடம்பு வெட்டுப்பட்டு.

வரதராஜன்: ஆமாம், கார் துடைக்கிற ஆள் யாரோ. படத்தைக் கெடுத்துவிட்டான்.

செல்வி: என் வீட்டுக்காரர்.

வரதராஜன்: ...

செல்வி: கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்த முதல் மார்கழி. இந்தத் தெருவில் அவர் பதினெட்டு வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நாங்கள் பாலத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் கட்டிக் குடியிருந்தோம். துடைக்கிற துணி விறைத்துப் பலகை மாதிரி ஆகிவிட்டது என்று அன்று வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். தரையில் நிறுத்தினால் நின்றது சார். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான்கு நாள் அவருக்கு விரலை மடக்க முடியவில்லை. சோற்றை நான்தான் பிசைந்து கொடுத்தேன்.

வரதராஜன்: எனக்குத் தெரியாதே செல்வி.

செல்வி: நீங்கள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

(கடலை உரிக்கிற சத்தம் கேட்டுவிடும் என்று கையை நிறுத்திக்கொண்டேன். ஆனால் வரதராஜன் நாற்பது வருடம் மத்திய அரசில் கோப்புப் பார்த்தவர். எந்த இடத்திலும் பொதுநலன் என்று ஒரு பத்தி சேர்க்கத் தெரியும்.)

வரதராஜன்: எனக்காகவா குளிர் வேண்டும் என்கிறேன்? மேற்கிலிருந்து மேகத்தைக் கொண்டுவருகிற காற்றுச் சுழற்சி, அந்த மேற்கத்திய இடையூறு, வந்தால்தான் குளிர்காலத்தில் மலையில் பனி விழும். அதற்குப் பெயர் இடையூறு என்று வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். வரவில்லை என்றுதான் இப்போது எல்லாரும் தவிக்கிறோம். ஆப்பிள் மரத்தை எடுத்துக்கொள். ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் குளிரில் நின்றால்தான் பழைய ரகமெல்லாம் ஒழுங்காகப் பூக்கும், காய்க்கும்.

செல்வி: ஆயிரம் மணி நேரம் குளிரில் நின்றால் ஆப்பிளுக்குக் காய்க்கிறது. எங்களுக்கு மூட்டுதான் வீங்குகிறது.

வரதராஜன்: அது மட்டுமா? மலையில் கிடக்கிற பனி உருகினால்தான் கோடையில் யமுனையில் தண்ணீர். யமுனையில் இருந்தால்தான் குழாயில் தண்ணீர்.

செல்வி: எங்கள் சந்தில் லாரித் தண்ணீர். குழாய் வரட்டும், பனிக்காக நானும் உங்களோடு உட்கார்ந்து அழுகிறேன்.

வரதராஜன்: நான் என்ன சொன்னாலும்...

செல்வி: சார், குக்கர் விசில். பருப்பு வைத்திருக்கிறேன்.

வரதராஜன்: வேலையை விட்டுப் போகிறேன் என்று வந்தவள் பருப்பு எதற்கு வைத்தாய்?

செல்வி: அம்மா கோயிலிலிருந்து வந்தால் சாப்பிட வேண்டாமா? சண்டை உங்களோடுதான்.

(அதற்குப் பிறகு சமையலறையில் குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம். கடைசியாக பிரிட்ஜின் மேல்கதவு திறந்து மூடிய சத்தம். அதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.)

மறுநாள் காலை ஏழு மணி.

வரதராஜன்: செல்வி! செல்வி! ஓடி வா! வந்துவிட்டது!

செல்வி: என்ன சார் வந்தது?

வரதராஜன்: ஸ்பூன் வளைந்துவிட்டது! பார், காம்பு எப்படிக் கோணிப்போய் நிற்கிறது! இரும்பு மாதிரி இருக்கிறது எண்ணெய்! 2006-க்குப் பிறகு இப்படி நான் பார்த்ததே இல்லை. எல்லாருக்கும் செய்தி அனுப்பப்போகிறேன்.

செல்வி: அனுப்புங்கள். இரண்டு சுழி, ஞாபகம் இருக்கட்டும்.

வரதராஜன்: எங்கே இருந்தது புட்டி? ஜன்னல் பக்கமா?

செல்வி: நேற்று நான் கிளம்பும்போது பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். காலையில் நீங்கள் எழுவதற்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

வரதராஜன்: ஏன் செல்வி இப்படிச் செய்தாய்?

செல்வி: இந்த ஒரு மாதமாவது நிம்மதியாகத் தூங்குங்கள் என்றுதான். அந்த ஸ்பூனை மட்டும் என் சம்பளத்தில் பிடித்துவிடாதீர்கள்.