சிபிஎஸ் போலி ஆவணம் தயாரித்ததா? ஒரு திருத்தம்

நேற்று ஐயா ஒருவர் இங்கே, "2004இல் அதிபர் புஷ்ஷுக்கு எதிராக சிபிஎஸ் தொலைக்காட்சியே ஆவணங்களைப் போலியாகத் தயாரித்தது, விசாரணைக் குழு அதை நிரூபித்தது, டான் ராதர் மறுநாளே நீக்கப்பட்டார்" என்று எழுதியிருந்தார். மூன்றும் தவறு.

புஷ் இளமையில் தேசியக் காவல் படையில் பணியாற்றியது பற்றிய அந்த ஆவணங்களை, அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ்ஸுக்குக் கொடுத்தவர் பில் பர்கெட் என்ற முன்னாள் தேசியக் காவல் படை அதிகாரி. அவை எங்கிருந்து கிடைத்தன என்பது பற்றித் தாம் பொய் சொன்னதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். சிபிஎஸ்ஸின் குற்றம் தயாரித்தது அல்ல, சரிபார்க்காமல் செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பியது. அதோடு, கேள்விகள் கிளம்பிய பிறகும் ஏறக்குறைய 12 நாள் பிடிவாதமாக நின்றது. என்னைக் கேட்டால், பெயரைக் கெடுத்தது இந்தப் பிடிவாதம்தான்.

கையில் இருந்தவை நகல்கள் மட்டுமே. நகலில் மையையும் தாளின் வயதையும் சோதிக்க வழியில்லை. எழுத்துரு 1970களின் தட்டச்சுக்குப் பொருந்தவில்லை என்று பலர் வாதிட்டார்கள், வலுவான வாதம்தான். ஆனாலும் 2005 ஜனவரியில் வந்த அந்த விசாரணைக் குழுவின் தோர்ன்பர்க்–பொக்கார்டி அறிக்கை, ஆவணங்கள் போலி என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை.

அப்போது நீக்கப்பட்டவர் தயாரிப்பாளர் மேரி மேப்ஸ். ராதர் செய்தி வாசிப்பிலிருந்து விலகியது 2005 மார்ச்சில்.

இணையத்தில் பரவும் பொய்த் தகவல்களுக்கு எதிரான நம் சிங்கப்பூரின் பொஃப்மா சட்டத்தில்கூடத் திருத்த உத்தரவு வந்தால் மூலப் பதிவு அப்படியே இருக்கும், திருத்தம் அதனுடன் சேரும். ஐயாவும் தம் பதிவை அழிக்க வேண்டாம். கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.