கண்ணாடியில் தெரியாத தசைகள்

ஜிம் கண்ணாடி முன்பக்கத்தைத்தான் காட்டும். நெஞ்சு, பைசெப்ஸ், வயிறு. அதனாலேயே ஆண்கள் பலருடைய வாரம் திங்கள் நெஞ்சு, செவ்வாய் கை, புதன் தோள், வியாழன் மறுபடியும் நெஞ்சு என்று ஓடுகிறது. கால் பயிற்சி நாள் வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு அவசர வேலை முளைத்துவிடும். கனமான பொருளைத் தூக்க, தடுக்கினால் விழாமல் நிற்க, நாலு மாடி ஏறியும் மூச்சு வாங்காமல் பேச உதவுகிற சரக்கெல்லாம் இருப்பது கண்ணாடிக்குத் தெரியாத பக்கம்: புட்டம், பின்தொடை, முதுகெலும்பை ஒட்டிய தசைகள், கெண்டைக்கால், கையின் பிடிபலம், அப்புறம் இதயம். 35 வயதைத் தாண்டிய ஆண் பயிற்சிக்கு ஒதுக்குகிற நேரத்தில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

அழகுக்காகப் பயிற்சி செய்வதில் தப்பில்லை. ஆனால் சிக்ஸ் பேக்கை ஆரோக்கியத்தின் சான்றிதழாக நினைப்பது தப்பு. வயிற்றுத் தசை எல்லோருக்கும் உண்டு. அது வெளியே தெரிவதும் தெரியாததும் மேலே படிந்த கொழுப்பைப் பொறுத்த விஷயம். போட்டி மேடை அளவுக்கு அந்தக் கொழுப்பை வற்ற வைத்தால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், பலம் குறையும், தூக்கமும் கெடும். போட்டோவில் பிரமாதமாக இருக்கிற நாளில்தான் ஆள் உள்ளுக்குள் மிகவும் பலவீனமாக இருப்பான்.

சரி, பலம் என்றால் என்ன? 20 லிட்டர் தண்ணீர் கேனை எடுத்துக்கொள்வோம். 20 கிலோ சொச்சம். குனிந்து, கையை நீட்டித் தூக்கும்போது கேன் அடிமுதுகிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கிற முதுகுத் தசைகளுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளமோ 5 செ.மீ. அளவுதான். ஆக, 20 கிலோவுக்கு அந்தத் தசைகள் 200 கிலோ கணக்கில் இழுக்க வேண்டும். உங்கள் மேலுடம்பின் பாரம் தனிக் கணக்கு. அதே கேனை இரண்டு பாதங்களுக்கு நடுவில் இழுத்து வைத்து, 25 செ.மீ. தூரத்தில் உடம்போடு ஒட்டித் தூக்கினால் 200 என்பது 100 ஆகிவிடும். கேன் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. இடுப்பை மடக்கத் தெரிந்ததுதான் வித்தியாசம்.

அந்த மடக்கலைப் பழக ஒரு நீளமான குச்சி போதும். முதுகோடு செங்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு, இந்த மூன்று இடத்திலும் குச்சி பட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கிற கதவைப் புட்டத்தால் தள்ளுவதுபோல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டு போங்கள். பின்தொடை இழுக்கிற இடத்தில் நிறுத்துங்கள். குச்சி வால் எலும்பை விட்டு விலகினால் அடிமுதுகு வளைகிறது என்று அர்த்தம். தலையை விட்டு விலகினால் கழுத்தை நிமிர்த்தியோ கவிழ்த்தோ ஏமாற்றுகிறீர்கள். 10 தடவை வீதம் 3 செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம். மூன்று இடமும் ஒட்டி நிற்கிற பிறகுதான் டெட்லிஃப்ட், அதாவது தரையில் இருக்கும் எடையை இடுப்பை மடக்கித் தூக்கி நிமிர்வது. பலர் இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதிப்பார்கள், பிறகு இரண்டு மாதம் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன் என்று அடம்பிடிக்கிற ஆளுக்கு நான் கொடுப்பது ஃபார்மர்ஸ் வாக். இரண்டு கையிலும் எடை, நிமிர்ந்து நடை, அவ்வளவுதான். இரு கைகளிலும் சேர்த்து உங்கள் எடையில் பாதி. அதாவது 70 கிலோ ஆள் கைக்குப் பதினேழு, பதினெட்டு கிலோ. 30 முதல் 40 மீட்டர், 4 தடவை, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. அடி சின்னதாக வையுங்கள். எட்டி வைத்தால் எடை ஊஞ்சல் ஆடி உங்களை இழுத்துப் போகும். தோள் காதை நோக்கி ஏறினால் எடை அதிகம். பிறகு ஒரு கையில் மட்டும் எடை வைத்து நடந்து பாருங்கள். எடை இல்லாத பக்கம் உடம்பு சாய்ந்தால், விலாவோரத் தசைகள் தூங்குகின்றன. படுத்தபடி மேலுடம்பைச் சுருட்டி எழும் க்ரஞ்ச் நூறு போட்டாலும் எழுப்ப முடியாத தசைகள் அவை.

இதில் முதலில் கைவிடுவது பிடிதான். அதற்காக மணிக்கட்டையும் எடையையும் பிணைக்கிற ஸ்ட்ராப் பட்டையைக் கட்டாதீர்கள், பிடியை வளர்க்கத்தானே இந்த நடை. 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பிடிபலம் 5 கிலோ குறையும்போதெல்லாம் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டு ஸ்பிரிங் வாங்கிக் கையில் வைத்துப் பிசைந்தால் ஆயுள் கூடாது. பிடி அளவுக் கருவியின் முள் மாதிரி, மொத்த உடம்பின் பலத்தைக் காட்டுகிறது. முள்ளை மட்டும் விரலால் தள்ளி என்ன பயன்?

அடுத்தது வேகம். இதை யாருமே பேசுவதில்லை. வயதாகும்போது பலத்தைவிட வேகமாகக் கரைவது பலத்தைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன்தான். கால் தடுக்கினால் அடுத்த காலை முன்னால் வீச அரை நொடிகூடக் கிடைக்காது. தசை தன் முழு பலத்தையும் திரட்டவே ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகும். அதனால் எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பது போலவே எவ்வளவு சீக்கிரம் தூக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் விருட்டென்று எழுந்து, 3 நொடி எடுத்து மெதுவாக உட்காருங்கள். 6 தடவை, 4 செட். வேகம் குறைந்ததும் செட் முடிந்தது. தொங்கிக்கொண்டு ஏழாவது எட்டாவது போடுவதில் இங்கே லாபமில்லை. கெண்டைக்காலுக்குப் படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, பழகியதும் ஒற்றைக் காலில்.

இனி இதயம். நடை, ஓட்டம் போன்ற கார்டியோ என்றாலே தசை கரைந்துவிடும் என்று பயப்படும் கூட்டம் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. இதில் 'கூடவே' என்பதைத்தான் ஆளாளுக்கு வசதியாக விட்டுவிடுகிறோம். மிதமானது என்றால் முழு வாக்கியம் பேச முடியும், பாட முடியாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் 4 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் நிதானமாக என்று 4 சுற்று. வேகமான நிமிடங்களில் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வாயில் வரக்கூடாது.

கெட்டுப்போகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தசை சில வாரங்களிலேயே பலம் காட்டும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் முழங்கையும் தோளும் குதிகாலும் வலியெடுக்கும். ஒரு செட்டுக்கு 8 ரெப்ஸில் (தடவையில்) ஆரம்பித்து, அதே எடையில் 12 வரை சுத்தமாக வந்த பிறகு 2 கிலோ கூட்டுங்கள். இன்னும் 2 ரெப்ஸ் மீதமிருக்கும்போதே நிறுத்துங்கள். உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் குதிகால் தூக்கினால் முட்டியைத் திட்டாதீர்கள், கணுக்காலைப் பாருங்கள். கால் கட்டைவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முட்டி சுவரைத் தொட வேண்டும். தொடவில்லையா? தினம் அதையே பயிற்சியாகச் செய்யுங்கள், அதுவரை குதிகாலுக்கடியில் ஒரு மெல்லிய பலகை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, தூக்கும்போது ஊதி வெளியேற்ற வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறது என்றால் இந்தப் பதிவை மூடிவிட்டு முதலில் மருத்துவர்.

'ஃபங்ஷனல்' (அன்றாட வேலைக்கு உதவும் பயிற்சி) என்ற பெயரில் ஆடும் ரப்பர் பந்தின் மேல் ஏறி டம்பெல் தூக்குவதும் ஒரு வகையில் மேடைக் காட்சிதான். கீழே தளம் ஆடினால் காலால் முழு விசையையும் கொடுக்க முடியாது, அதனால் எடையும் குறையும். கணுக்கால் சுளுக்கு தேறி வருகிறவருக்கு அந்தப் பந்து உபயோகப்படும். மற்றவர்களுக்கு உறுதியான தரையும் கொஞ்சம் கூடுதல் எடையும் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியை விட்டுவிட்டு நாலு அளவு எடுங்கள். கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறீர்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கே 14க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு, நாற்பதுக்காரர் அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒற்றைக் காலில் 10 நொடி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ எத்தனை முறை கையோ முட்டியோ ஊன்றுகிறீர்கள். நாலாவது இடுப்புச் சுற்றளவு: உயரத்தில் பாதிக்குள், 170 செ.மீ. உயரம் என்றால் 85க்குள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்த அளவெல்லாம் செல்லாது.