சாக்கடையில் கொட்டிய சுண்டல்

நவராத்திரி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், பதினாலு பேர். வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொலுச் சுண்டல் குடுத்தாங்க. நான் சாப்பிடலை. பின்னாடி சாக்கடையில கொட்டிட்டேன்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "வெரி குட்" சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள்.

எனக்கு அந்தச் சுண்டல்தான் கண் முன்னால் வந்தது. காகிதக் கப்பில் கொண்டைக்கடலை, மேலே தேங்காய்த் துருவல், பொடிப்பொடியாக நறுக்கிய மாங்காய். முந்தின ராத்திரியே கடலையை ஊறப்போட்டு, ஒன்பது நாளும் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்த அம்மா. வாங்கும்போது "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே வாங்கினாளாம். அதையும் அவளே சொன்னாள்.

விசாரித்தால், விடுமுறையில் வீட்டார் கூட்டிப்போன ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், படைத்ததைத் தின்றால் பேய் உள்ளே போய்விடும் என்று. யார், எந்தக் கூட்டம் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவர்மேல் எனக்கு வந்த கோபம் ஒருநாளில் அடங்கிவிட்டது. என்மேல் வந்தது இன்னும் அடங்கவில்லை. ஒன்பது வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். பத்துக் கட்டளை, ஏழு அருளடையாளங்கள், செபமாலை மறையுண்மைகள் எல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள் என் பிள்ளைகள். பக்கத்து வீட்டில் சுண்டல் கொடுத்தால் என்ன செய்வது என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. நான் சொல்லாமல் விட்ட இடத்தில் வேறொருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

பொய் சொல்லக்கூடாது, ஒன்று சொல்லியிருக்கிறேன். சுதந்திர தினம் வந்தால் "எல்லா மதமும் ஒன்றுதான், எல்லாமே அன்பைத்தான் போதிக்கிறது." இதைப்போல உதவாத பாடம் வேறு இல்லை என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளைகள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. கொலு பொம்மை வேறு, குடில் வேறு, பக்கத்துத் தெரு பாங்கு வேறு என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாம் ஒன்றுதான் என்றால் ஞாயிறு காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு இங்கே ஏன் வரவேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி! வேறு வேறுதான், அந்த வேறானவரிடம் எப்படி நடந்துகொள்ளச் சொல்லி உன் வேதம் சொல்கிறது என்றுதான் பாடம் இருக்கவேண்டும்.

இதில் வேடிக்கை, சுண்டல் கேள்வி ஒன்றும் புதிதில்லை. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதே தலைவலி. சிலைக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? திருத்தூதர் பவுல் அவர்களுக்கு எழுதி, பைபிளில் இருக்கும் முதல் கடிதத்தில் 8ஆம் அதிகாரத்திலிருந்து 10 வரை இதுதான் பெரும்பேச்சு. உணவு நம்மைக் கடவுளிடம் கொண்டுசேர்ப்பதில்லை, சாப்பிட்டால் நமக்குக் கூடுவதுமில்லை, சாப்பிடாவிட்டால் குறைவதுமில்லை என்கிறார். நம்பிக்கை கொள்ளாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு, நீங்களும் போனால், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். "இது படையல்" என்று யாராவது சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறார். அதே பத்தாம் அதிகாரத்தில் படையல் பேய்களுக்குப் போகிறது என்ற கடுமையான வரியும் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. அந்தக் கூட்டத்துக்காரர் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஆனால் மூன்று அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால், எதிரில் இருக்கும் மனுஷனுக்கு மனம் நோகுமா என்பதில்தான் பவுலுக்குக் கவலை. ஒரே கடிதம்தான். சாக்கடைக்கும் அதிலிருந்து வழி கண்டுபிடிக்கலாம், சாப்பாட்டு மேசைக்கும் கண்டுபிடிக்கலாம். எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம் என்பது வாத்தியார் கையில்.

வாத்தியார் கை என்றதும் ஜூல் இசாக் நினைவுக்கு வருகிறார். பிரான்ஸ்காரர், யூதர், பள்ளிக்கூட வரலாற்றுப் பாடநூல்கள் எழுதியவர். நாஜிகள் காலத்தில் அவருடைய மனைவியையும் மகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இருவரும் ஆஷ்விட்ஸில் இறந்தார்கள். யூத வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனவர் வந்து நின்ற இடங்களில் ஒன்று, நம் மறைக்கல்வி வகுப்பு. யேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதற்கு அவர் வைத்த பெயர் "இகழ்ச்சியின் போதனை". எண்பது வயது தாண்டிய பிறகு, 1960 ஜூனில், திருத்தந்தை (போப்) 23ஆம் யோவானை நேரில் பார்த்து இதைத் திருத்தச் சொல்லிக் கேட்டார். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து இருந்த இழிசொல்லை அதற்கு முந்தின வருஷமே எடுத்தவர் அந்தத் திருத்தந்தை.

அதிலிருந்து தொடங்கி, உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் தயாரிப்பிலும் அமர்வுகளிலுமாக ஐந்து வருஷம் இழுபறி. கடைசியில் 1965 அக்டோபர் 28 அன்று, ஆதரவாக 2,221 பேரும் எதிராக 88 பேரும் வாக்களிக்க, மற்ற மதத்தாரோடு திருச்சபையின் உறவைப் பற்றிய "நோஸ்த்ரா ஏதாத்தே" என்ற சின்ன அறிக்கை வந்தது. யேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லாரையும் குற்றம் சொல்ல முடியாது, இன்றைய யூதரையும் சொல்ல முடியாது என்றது. இந்து, பௌத்த சமயங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாகவும் சொன்னது. இசாக் இதைப் பார்க்கவில்லை, 1963இலேயே இறந்துவிட்டார். திருச்சபை தன் போதனையைத் திருத்திக்கொள்ள எடுத்தது எத்தனை நூற்றாண்டு என்று நினைத்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருத்தியது. நான் சின்ன வயதில் பார்த்த, யேசுவின் பாடுகளின் நாடகத்தில் யூதராக நடித்த அண்ணன்களை அப்புறம் ஒரு வாரம் தெருவில் பார்த்தாலே ஒளிந்துகொள்வேன். ஒரு யூதரைக்கூட நேரில் பார்க்காத ஊரில்!

மற்ற வீட்டுக் கதை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கேட்டவரைக்கும் சொல்கிறேன். எங்கள் தெரு மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் பிள்ளைகளுக்கு குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் 108ஆம் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். அல்லாஹ்வை விட்டு அவர்கள் அழைப்பவற்றைத் திட்டாதீர்கள், அறியாமல் அவர்கள் பதிலுக்கு அல்லாஹ்வைத் திட்டுவார்கள் என்று. மாடிவீட்டுத் தாத்தா சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர். "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்" என்று அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரிலிருந்து சொல்லிக் காட்டினார், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாகச் சிவனே வருவார் என்று. அப்புறம் சிரித்துக்கொண்டே, அதே நூலில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில் பதினான்கு மதங்களை நிறுத்திவைத்து மறுத்திருக்கிறார் அருணந்தி என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. வாதமும் நடக்கிறது, வணக்கமும் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அந்தக் கொரிந்தியர் கடிதத்தைப் படித்தோம். சுண்டலைக் கொட்டியவள் கேட்டாள், "அப்ப ஆயிஷா நரகத்துக்குப் போவாளா டீச்சர்?" ஆயிஷா அவளுடைய பெஞ்சுத்தோழி. அது கடவுள் வேலை, அந்தக் கணக்கு உன்னிடமும் இல்லை என்னிடமும் இல்லை என்றேன். அவளுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும்தான் போதவில்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

வருகிற ஞாயிறு பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்க வருகிறாராம், கொஞ்சம் கோபமாகவே. வரட்டும். எட்டாம் அதிகாரத்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று காகிதத் துண்டு செருகி வைத்திருக்கிறேன்.